பாப்பா குடிக்கிற தண்ணி

ஜூலை 1, திங்கள்

சிறுவாணித் தண்ணீர் வருகிற தெருவில் வாட்டர் ஃபில்டர் விற்றவன் உலகத்தில் எதையும் விற்றுவிடுவான் என்று மனோகர் சார் சொல்வார். அவர் எங்கள் டீம் லீடர். கோயமுத்தூர்க்காரனிடம் போய் உன் தண்ணி சரியில்லை என்று சொல்வதும் அவன் குலதெய்வத்தைக் குறை சொல்வதும் ஒன்றுதான். முகத்துக்கு நேரே கதவைச் சாத்துவான். அப்படியும் இன்று வடவள்ளியில் ஒரு வீட்டைப் படிய வைத்துவிட்டேன். சும்மா சொல்லக்கூடாது, நான் கெட்டிக்காரன்தான்.

மணி அடிப்பதற்கு முன்னால் வாசலைப் பார்க்க வேண்டும். இதுதான் எங்கள் தொழிலில் முதல் பாடம். பெரிய செருப்பு மட்டும் கிடந்தால் மூட்டுவலி, கிட்னிக் கல் என்று பேச்சை ஆரம்பிக்கலாம். சின்னச் செருப்பு கிடந்தால் வேறு எதுவும் வேண்டாம், நேராகப் பிள்ளைதான். அந்த வாசலில் ரோஸ் கலரில் ஒரு ஜோடிச் சின்னச் செருப்பு. பக்கத்தில் சின்ன சைக்கிள்.

கதவைத் திறந்தவருக்கு முப்பத்தைந்து வயது இருக்கலாம். பெயர் சுகந்தாமணி. வீட்டுக்காரர் லேத் பட்டறை வைத்திருக்கிறாராம். “அக்கா, பாப்பா குடிக்கிற தண்ணி ஒரு டம்ளர் கொண்டாங்க, டெஸ்ட் பண்ணிக் காட்டறேன்” என்றேன். அந்தம்மா என்னையே பார்த்துக்கொண்டு நின்றது. பிறகு உள்ளே போய், வெகுநேரம் கழித்து ஸ்கூல் பிள்ளைகளின் வாட்டர் பாட்டில் ஒன்றைக் கொண்டுவந்து, நெய் ஊற்றுவது மாதிரி அரை டம்ளர் ஊற்றியது.

எங்கள் மிஷினில் இரண்டு ஜோடித் தகடுகள் உண்டு. ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்று இரும்பு, ஒன்று அலுமினியம். ஒரு டம்ளரில் வீட்டுத் தண்ணீர், இன்னொன்றில் எங்கள் ஃபில்டர் தண்ணீர். ஸ்விட்சைப் போட்டால் கொஞ்ச நேரத்தில் வீட்டுத் தண்ணீர் மஞ்சளாகி, பழுப்பாகி, கறுத்து, மேலே நுரை தள்ளி நிற்கும். எங்கள் தண்ணீர் கண்ணாடி மாதிரி அப்படியே இருக்கும். அப்போது ஜனங்களின் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும்!

பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி படித்த எனக்கு இதன் சூட்சுமம் தெரியாதா? தண்ணீரில் கரைந்த உப்பு பிளஸ், மைனஸ் என்று இரண்டாகப் பிரிந்து கிடக்கும். தகட்டில் கரண்ட் ஏறியதும் பிளஸ்ஸெல்லாம் மைனஸ் தகட்டுக்கு ஓடும், மைனஸ்ஸெல்லாம் பிளஸ் தகட்டுக்கு ஓடும். அந்த ஓட்டத்தில் இரும்பு அரித்துக் கரையும். டம்ளரில் தெரிகிற அழுக்கு தகட்டின் துரு. தண்ணீரில் அழுக்கே கிடையாது. ஃபில்டர் தண்ணீரில் உப்பு இல்லை, ஓட ஆள் இல்லை, அதனால் தெளிவு. இதை யாரும் கேட்பதில்லை, நானும் சொல்வதில்லை. சிறுவாணியில் உப்பு ரொம்பக் குறைவு என்பதால் வெறுமனே போட்டால் லேசான மஞ்சளுக்கு மேல் ஏறாது. அதற்கென்று ஒரு சின்னக் கைவேலை இருக்கிறது. அதை எழுத வேண்டாம்.

இன்று நன்றாகவே கறுத்தது. “எனக்கும் ஒரு பொண்ணு இருக்காளுங்க்கா. அதனாலதான் சொல்றேன். இந்தத் தண்ணி பாப்பா வயித்துக்குள்ள போனா என்ன ஆகும்னு நீங்களே நெனச்சுப் பாருங்க” என்றேன். அந்தம்மா கண்ணெடுக்காமல் டம்ளரைப் பார்த்தது. உள் அறையில் ஏதோ பாத்திரம் உருண்டது. “பாப்பா எந்திரிச்சுட்டா போலங்க்கா” என்று சிரித்தேன்.

வீட்டுக்காரருக்கும் காட்ட வேண்டும், மிஷினை வைத்துவிட்டுப் போங்கள் என்றது. வைக்கக் கூடாது என்பது கம்பெனி விதி. விதியைப் பார்த்தால் வியாபாரம் ஆகுமா? வைத்துவிட்டு வந்தேன். கறுத்த டம்ளரைக் கொட்டப் போனபோது மட்டும் கையைப் பிடித்துத் தடுத்துவிட்டது.

ஜூலை 2, செவ்வாய்

மழை. வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை, பிளக்கைக் கழற்றித் துடைத்துப் போட்டேன். வடவள்ளி வீட்டில் மணி அடித்தும் திறக்கவில்லை. உள்ளே குழாய் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

ஜூலை 3, புதன்

வீட்டுக்காரர் போன் செய்தார். பழனிக்குமார் என்று பெயர். ஆர்டர் உறுதி என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே எடுத்தேன்.

“ஏனுங்க, எங்கூட்டுக்கு வந்து என்னத்தச் சொல்லிட்டுப் போனீங்க?”

“தண்ணி டெஸ்ட்டுங்க சார். பாப்பாவுக்கு நல்லதுன்னு...”

“எந்தப் பாப்பாவுக்குங்க? எங்க தர்ஷனா போயி நாலு மாசம் ஆச்சுங்க. மூளைக் காய்ச்சலு. எட்டு வயசு.”

வாசலில் செருப்பு இருந்ததே என்று உளறினேன். அதை எடுக்க அவள் விடமாட்டேன் என்கிறாள் என்றார். திட்டுவார் என்று பார்த்தேன், திட்டவில்லை. “தெரியாமப் பேசிட்டீங்க, உடுங்க. மிஷினை வந்து எடுத்துட்டுப் போயிருங்க, சாமி” என்றார். திட்டியிருந்தால் தேவலை.

சின்னச் செருப்பைப் பார்த்தால் பிள்ளை இருக்கிறது என்றுதானே யாரும் நினைப்பார்கள்? மனோகர் சாராக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார். அன்றைக்கு உள்ளே உருண்ட பாத்திரம் பூனை வேலையாக இருக்கும்.

ஜூலை 5, வெள்ளி

வீட்டுக்காரி கோகிலா கொடுத்த டீ உப்புக் கரித்தது. டப்பாவை மாற்றிப் போட்டுவிட்டாயா என்று கத்தினேன். அவள் என் டம்ளரை வாங்கிக் குடித்துப் பார்த்துவிட்டு, “சக்கரை ஒரு கரண்டி எச்சாவே போட்டிருக்கறேன், இனிக்குது” என்றாள். இன்னொரு டீ போட்டாள். அதுவும் கரித்தது. பேசாமல் குடித்துவிட்டேன்.

ஜூலை 6, சனி

சுகந்தாமணி அக்கா நம்பரிலிருந்து மத்தியானம் இரண்டு தடவை கூப்பிட்டார்கள். எடுத்தால் பேச்சில்லை. குழாயிலிருந்து தண்ணீர் சன்னமாக விழுகிற சத்தம். “அக்கா, சொல்லுங்க்கா” என்கிறேன், தண்ணீர் விழுந்துகொண்டே இருக்கிறது. கைபட்டு நம்பர் போயிருக்கும்.

கேஸ் சிலிண்டர் புக் பண்ண வேண்டும். என் பொண்ணு மகிழினிக்கு நகம் வெட்டிவிட்டேன். இந்த நாலு வயதிலேயே என்னமாய் மிரட்டுகிறாள்!

ஜூலை 8, திங்கள்

மிஷினை வாங்கிக்கொண்டு ஓடிவந்துவிடலாம் என்றுதான் போனேன்.

பழனிக்குமார் பட்டறைக்குப் போயிருந்தார். அக்காதான் கதவைத் திறந்தது. முகம் ஒடுங்கிப்போயிருந்தது. டி.வி. அலமாரியில் பிள்ளையின் படம், அதற்கு மாலை. படத்துக்கு முன்னால் என்னுடைய டம்ளர், மேலே தட்டுப் போட்டு மூடியிருந்தது. துரு அடியில் சேறாகப் படிந்திருந்தது. நான் விட்டுப் போனபோது அரை டம்ளர் இருந்தது, இப்போது அதில் பாதிதான். ஆவியாகியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

“உக்காருங்க தம்பி. உங்ககிட்ட ஒன்னு கேக்கோணும்” என்றது அக்கா. பிறகு தானாகவே சொல்ல ஆரம்பித்தது. காய்ச்சல் முற்றிப் பிள்ளையை ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போது, அம்மா தண்ணி என்று கேட்டிருக்கிறாள். அம்மா ஸ்கூல் பாட்டிலிலிருந்து கொடுத்திருக்கிறது. ரெண்டு மடக்குக் குடித்துவிட்டு மடியில் சாய்ந்தவள்தான். அதற்குப் பிறகு பேச்சே இல்லை.

“மீதித் தண்ணிய நான் கொட்டலீங்க. அவ வாய் வெச்ச பாட்டிலு. நீங்க வந்து பாப்பா குடிக்கிற தண்ணி கொண்டாங்கன்னு கேட்டீங்கல்ல? என்னமோ அவளே உங்களைத் தாட்டி உட்ட மாதிரி, அனுப்பி வெச்ச மாதிரி இருந்துச்சு. அந்தத் தண்ணியத்தான் கொண்டாந்தேன்.”

“அக்கா, அது வெறும் துருங்க. தண்ணில ஒன்னுமில்லீங்க. தகட்டுல இருந்து வர்ற துரு. எந்தத் தண்ணில போட்டாலும் அப்படித்தான் வரும்” என்று அவசர அவசரமாகச் சொன்னேன். தொழில் ரகசியத்தையே சொல்லிவிட்டேன், இதற்கு மேல் என்ன வேண்டும் என்று இருந்தது.

அக்கா எழுந்து சமையலறைக்குக் கூட்டிப்போனது. மேடைமேல் மிஷின். பக்கத்தில் வரிசையாக டம்ளர்கள். எல்லாம் குழாய்த் தண்ணீர், எல்லாவற்றிலும் லேசான மஞ்சள்.

“தெனமும் போட்டுப் பாக்கறேன். குழாத் தண்ணி கறுக்கவே மாட்டீங்குது. அவ குடிச்சது மட்டுந்தான் அப்புடிக் கறுத்துச்சு. எல்லாத் தண்ணியும் ஒன்னுன்னா இது ஏனுங்க கறுக்கல?”

எனக்குப் பதில் தெரியும். கை தானாகச் சட்டைப் பையைப் பொத்திக்கொண்டது.

“பாட்டில நான் சரியாக் கழுவல போல” என்றது அக்கா. “நாந்தான் கழுவுவேன். என்ற கையாலதான் குடுத்தேன்.”

போகும்போது இன்னொன்று நடந்தது. நடந்ததை அப்படியே எழுதுகிறேன். அக்கா குழாயைச் சன்னமாகத் திறந்துவிட்டு, அங்கே தொங்கிய சின்ன பிளாஸ்டிக் சீப்பை எடுத்துத் தலையை வாரி, அதைக் கம்பிபோல விழுந்த தண்ணீருக்குப் பக்கத்தில் கொண்டுபோனது. தண்ணீர் வளைந்து சீப்பின் பக்கம் வந்தது. ஸ்கூலில் சொல்லிக்கொடுத்தார்களாம், தர்ஷனா தினமும் செய்வாளாம். “கூப்புட்டா வருது பாருங்க” என்றது அக்கா. எனக்கு இதற்கும் காரணம் தெரியும். தண்ணீர் உப்பு மாதிரி பிரிந்து ஓடாது. ஆனால் அதற்கு ஒரு முனை லேசாக மைனஸ், இன்னொரு முனை லேசாக பிளஸ். சார்ஜ் ஏறிய சீப்பைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு அந்தப் பக்கம் சாயும். மண்ணெண்ணெயாக இருந்தால் அசைந்துகூடக் கொடுக்காது. இதையெல்லாம் சொன்னேன். அக்கா தலையாட்டிவிட்டுச் சீப்பை மாட்டிவிட்டு நகர்ந்தது. நான் குழாயை மூடப் போனேன். தண்ணீர் இன்னும் வளைந்தே விழுந்துகொண்டிருந்தது, சின்னப் பிள்ளை நின்றால் கை எட்டுகிற உயரத்தில். சீப்பு அந்தப் பக்கம் சுவரில் தொங்குகிறது.

காற்று. ஜன்னல் சாத்தியிருந்தது, ஆனாலும் காற்றாகத்தான் இருக்கும்.

மிஷினைக் கேட்க வாய் வரவில்லை. வெளியே வரும்போது டி.வி. அலமாரியை இன்னொரு தடவை பார்த்தேன். மூடிய டம்ளருக்குப் பின்னால் ஒரு கரண்டி இருந்தது. அதன் குழியில் பழுப்பு ஒட்டியிருந்தது.

ஜூலை 9, செவ்வாய்

மனோகர் சாரிடம் சொன்னேன். கரண்டியையும் சொன்னேன். அந்தம்மா அந்தத் தண்ணீரைக் குடிக்கிறது சார் என்றேன்.

“அதுக்கு நீ என்ன பண்ணுவே? மிஷினை எடுத்துட்டு வந்து சேரு. கைவேலையைப் பத்தி வாயத் தொறந்தே, வேலை மட்டும் போகாது. ஏமாத்துக் கேசுல நீதான் உள்ள போவே. நான் போடச் சொன்னேன்னு எங்கயாச்சும் எழுதிக் குடுத்திருக்கறனா?”

இல்லை. அவர் ஒன்றும் எழுதித் தரவில்லை. அதனால் நான் எழுதுகிறேன். கைவேலை என்பது உப்பு. சட்டைப் பையில் சின்னத் தாளில் பொடி உப்பு மடித்து வைத்திருப்பேன். விரலில் தொட்டுக்கொண்டு, தகட்டைச் சரி செய்வதுபோல வீட்டுத் தண்ணீரில் விரலை முக்கி எடுப்பேன். அவ்வளவுதான். கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். அன்றைக்கும் அப்படித்தான் முடிந்தது.

ஜூலை 11, வியாழன்

வடவள்ளித் தெருமுனை வரைக்கும் போனேன். டீக்கடையில் நின்றேன். திரும்பி வந்துவிட்டேன்.

ஜூலை 13, சனி

மகிழினி தண்ணீர் கேட்டாள். கோகிலா குடத்திலிருந்து மொண்டு கொடுத்தாள். பிள்ளை மடக் மடக்கென்று குடிக்கிறாள், தொண்டை ஏறி இறங்குகிறது. எனக்குப் பார்க்க முடியவில்லை. டம்ளரைப் பிடுங்கிவிட்டேன். பிள்ளை வீறிட்டு அழுதாள். அது நல்ல தண்ணீர். நல்ல தண்ணீர் என்று என்னைவிடத் தெரிந்தவன் யார்? அப்படியும் பிடுங்கினேன்.

கோகிலா பிள்ளையை அக்கம்பக்கத்துப் பிள்ளைகளோடு விளையாட அனுப்பிவிட்டு என் எதிரில் உட்கார்ந்தாள். “பத்து நாளா நீங்க சரியில்ல. என்னன்னு சொல்றீங்களா, இல்ல எங்கம்மா ஊட்டுக்குப் போகட்டுமா?” என்றாள். எல்லாவற்றையும் சொன்னேன். முடித்ததும் கேட்டாள்:

“அந்தக்கா தெனமும் அதைக் குடிக்கறாங்கன்னு தெரிஞ்சே இங்க உக்காந்து டீ கரிக்குதுன்னு என்கிட்டச் சண்டை போட்டுட்டு இருந்தீங்களா?”

“போலீசு கீலீசுன்னு போயிட்டா?”

“போனா ஜெயிலுக்குப் போங்க. நான் வந்து பாத்துக்கறேன்.”

என்ன மாதிரி பொம்பளை இவள்! ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். திங்கட்கிழமை போகிறேன் என்று சொல்லிவைத்தேன்.

ஜூலை 15, திங்கள்

போகவில்லை. மேட்டுப்பாளையம் ரோட்டில் ஒரு அபார்ட்மென்டில் டெமோ இருந்தது. விரல் உப்பில் படவில்லை. தண்ணீர் மஞ்சளோடு நின்றுவிட்டது. அவர்கள் சிரித்து அனுப்பிவிட்டார்கள்.

சாயங்காலம் பழனிக்குமார் போன் செய்தார். நேற்றிலிருந்து அக்காவுக்கு வாந்தியாம். வயிற்றாலும் கறுப்பாகப் போகிறதாம். ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, வயிற்றுக்குள் என்ன போனது என்று கேட்டதற்கு வாயையே திறக்கவில்லையாம். சோறு வேண்டாம், பால் வேண்டாம். வீட்டுக்குக் கூட்டிவந்ததும் நேராக டி.வி. அலமாரிக்குத்தான் போனதாம். டம்ளரை அவர் பிடுங்கியிருக்கிறார்.

“நீ குடிச்சுச் செத்தா நான் என்னடி பண்ணுவேன்னு கேட்டேனுங்க. அவ குடிச்சுத்தான செத்தா, நான் மட்டும் எதுக்கு இருக்கோணும்னு கேக்கறா. தம்பி, நீங்க சொன்னாத்தான் கேப்பா. அன்னைக்கு நீங்க சொன்னதத்தான் நம்பிட்டு இருக்கறா” என்று அழுதார். ஆம்பளை அழுது போனில் கேட்டது எனக்கு இதுதான் முதல் தடவை.

ஜூலை 16, செவ்வாய்

காலையிலேயே போய்விட்டேன். எங்கள் ஃபில்டர் தண்ணீர் ஒரு கேன் எடுத்துக்கொண்டேன். மனோகர் சார் நம்பர் மூன்று தடவை அடித்தது, அப்புறம் போனையே அணைத்துவிட்டேன்.

அக்கா சுவரில் சாய்ந்து பாயில் உட்கார்ந்திருந்தது. உதடெல்லாம் வெடித்திருந்தது. பழனிக்குமார் பக்கத்தில். நான் போய்த் தரையில் உட்கார்ந்தேன். தொழிலே பேச்சாக இருப்பவனுக்கு எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. கடைசியில், “அக்கா, அந்தத் தண்ணி ஏன் கறுத்துச்சுன்னு சொல்ல வந்திருக்கறேன்” என்றேன்.

“தெரியுமுங்க” என்றது அக்கா.

“தெரியாதுங்க்கா. எனக்கு மட்டுந்தான் தெரியும்.”

மிஷினைக் கூடத்துக்குக் கொண்டுவந்து வைத்தேன். கேன் தண்ணீரை இரண்டு டம்ளரில் ஊற்றினேன். நான் எதையும் தொட்டால் நம்ப மாட்டார்கள் என்று, சமையலறையிலிருந்து சர்க்கரையும் உப்பும் பழனிக்குமாரையே கொண்டுவரச் சொன்னேன். “ஒன்னுல சக்கரை போடுங்க சார். எவ்வளவு வேணும்னாலும் போடுங்க.” போட்டார், கலக்கினார். ஸ்விட்சைப் போட்டேன். இரண்டு டம்ளரும் தெளிவாக நின்றன. சர்க்கரைத் தண்ணீரில் ஒரு குமிழிகூட வரவில்லை.

“சக்கரை எங்க போச்சு?” என்று கேட்டது அக்கா. வாந்தி எடுத்து எடுத்துக் குரல் தேய்ந்துபோயிருந்தது.

“உள்ளதாங்க்கா இருக்கு. கண்ணுக்குத் தெரியாமக் கரைஞ்சு கெடக்கு. ஆனா பிரியாது. அது அது முழுசாவே இருக்கும். தகடு எத்தனை இழுத்தாலும் போகாது.”

“முழுசாவே இருக்குமா?” என்று இன்னொரு தடவை கேட்டது. ஆமாம் என்றேன்.

ஸ்விட்சை அணைத்தேன். அடுத்ததாக வெறும் தண்ணீர் இருந்த டம்ளரைக் காட்டி, “இதுல ஒரு சிட்டிகை உப்புப் போடுங்க சார்” என்றேன். போட்டதும் ஸ்விட்சைப் போட்டேன். தகட்டைச் சுற்றி நுரைத்தது. மஞ்சள், பழுப்பு, கறுப்பு. அன்றைக்கு வந்த அதே கறுப்பு. பழனிக்குமார் வாய் பிளந்து பார்த்தார். “இது உங்க கம்பெனித் தண்ணிங்களே?” என்றார்.

“ஆமாங்க. உலகத்துல எந்தச் சுத்தமான தண்ணியக் கொண்டாந்தாலும் இந்த உப்பு போட்டாக் கறுக்கும். உப்பு பிரிஞ்சு தகட்டுக்கு ஓடும், இரும்பு கரையும்.” நிமிர்ந்து அக்காவைப் பார்த்தேன். “அன்னைக்கு உங்க டம்ளர்ல நான் உப்பு போட்டேன். விரல்ல தொட்டு, உங்களுக்குத் தெரியாம. பாப்பா தண்ணில ஒன்னுமே இல்லீங்க்கா. எல்லா ஊட்டுலயும் போடுவேன். உங்கூட்டுலயும் போட்டேன்.”

பழனிக்குமார் என் சட்டையைப் பிடித்துத் தூக்கி ஓர் அறை விட்டார். காது கொய்யென்றது. இன்னொன்று விழும் என்று நின்றேன். “உடுங்க அவரை” என்றது அக்கா. “இவரு சொல்றது நெசமான்னு எனக்குத் தெரியோணும்.”

எழுந்து, சுவரைப் பிடித்துப் பிடித்து உள்ளே போய், பாட்டிலைக் கொண்டுவந்தது. அடியில் கொஞ்சம் தண்ணீர் இருந்தது. அது தீர்ந்தால் பிள்ளை குடித்ததில் மீதி என்று வேறு எதுவும் கிடையாது. வேண்டாம் அக்கா, நான் சொன்னதே போதும் என்றுதான் நினைத்தேன். ஆனால் போதாது. நான் சொல்வதை அந்தம்மா ஏன் நம்ப வேண்டும்? ஒரு தடவை நம்பித்தானே இந்தக் கதி?

“நீங்களே ஊத்துங்க்கா. நான் பக்கத்துலயே வர மாட்டேன்” என்று கதவோரம் போய் நின்றுகொண்டேன். பழனிக்குமார் தகடுகளைத் தேய்த்துக் கழுவிக்கொண்டுவந்தார். அக்கா பாட்டிலைக் கவிழ்த்துக் கடைசிச் சொட்டு வரைக்கும் டம்ளரில் விட்டது. ஸ்விட்சைப் போட்டதும் அக்காதான். மூன்று பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம். நான் சாமி கும்பிடுகிறவன் இல்லை. இன்றைக்குக் கும்பிட்டேன். நாலு மாதத் தண்ணீர், பாட்டிலில் என்ன ஒட்டியிருந்ததோ, யாருக்குத் தெரியும்? கறுத்துத் தொலைத்தால் இந்த அம்மாவை யாராலும் மீட்க முடியாது.

லேசான மஞ்சள் வந்தது. அதோடு நின்றது. அக்கா குனிந்து, டம்ளருக்குப் பக்கத்தில் முகத்தை வைத்துக்கொண்டு பார்த்தது. சமையலறைக்குப் போய்க் குழாய்த் தண்ணீர் டம்ளர் ஒன்றை எடுத்துவந்து பக்கத்தில் வைத்துப் பார்த்தது. இரண்டும் ஒரே நிறம்.

“நல்ல தண்ணிங்களா இது?”

“நல்ல தண்ணிங்க்கா.”

“ஏனுங்க” என்று வீட்டுக்காரரைக் கூப்பிட்டது. “நல்ல தண்ணிதானுங்க குடிச்சிருக்கா. நல்ல தண்ணி குடிச்சுட்டுத்தான் போயிருக்கா என்ற புள்ள.”

சொல்லிவிட்டு அப்படியே உட்கார்ந்து தரையில் அடித்து அடித்து அழுதது. பழனிக்குமார் தடுக்கவில்லை. பிள்ளை செத்த அன்றைக்குக்கூட அவள் அழவில்லை என்று என்னைப் பார்த்துச் சொன்னார், என்னை அடித்தது மறந்துபோனவர் போல. நானும் அழுதேன். எனக்கு அந்த வீட்டில் அழ என்ன பாத்தியதை? அழுகை வந்தது, அழுதேன்.

வெகுநேரம் கழித்து அக்கா குழாய்த் தண்ணீரை ஒரு டம்ளரில் பிடித்து வந்து குடித்தது. முதல் மடக்கு இறங்கக் கஷ்டப்பட்டது. பிறகு முழுவதும் குடித்தது. பழனிக்குமார் கஞ்சி வைக்க உள்ளே போனார். நான் மிஷினைக் கட்டி எடுத்துக்கொண்டு, என்ன சொல்லி விடைபெறுவது என்று தெரியாமல் நின்றேன்.

“எந்த விரலுங்க?” என்று கேட்டது அக்கா.

வலது கை ஆள்காட்டி விரலை நீட்டினேன். வெட்டிப் போட்டிருந்தாலும் நான் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டேன். அக்கா அந்த விரலைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தது.

“உங்களுக்கொரு பொண்ணு இருக்குதுன்னு சொன்னீங்களே, அதாச்சும் நெசமா?”

“நெசந்தாங்க்கா. மகிழினின்னு பேரு. நாலு வயசு.”

விரலை விட்டது. சமையலறைக் குழாய்ப் பக்கம் கையைக் காட்டியது.

“சோப்புப் போட்டு நல்லாக் கழுவிட்டுப் போங்க. ஊட்டுக்குப் போனதும் புள்ளைய அந்தக் கையாலதான தூக்குவீங்க?”

கழுவினேன்.